ராபின் புகுந்த வரப்பு

ரசியா பேகம் அந்த மனுவை எழுதிக் கொடுத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மனுதாரர் குஞ்சிதபாதம். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் அவள் எழுதிய பெயர் நெய்னா முகம்மது. அவளுடைய மாமனார்.

அரை வேலி நிலம். குஞ்சிதபாதம் அதைப் பதினோரு வருஷமாகக் குத்தகைக்கு உழுகிறான். சீட்டு இல்லை, ரசீது இல்லை. கோட்டையில் கட்சி மாறி, உழுகிற குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் அவனைக் கிளப்ப முடியாது. அவன் மனுப் போட்டான். நெய்னா முகம்மது பதில் மனுப் போட்டார்: நிலத்தில் நடப்பது சொந்தச் சாகுபடி, குஞ்சிதபாதம் கூலியாள்.

பதில் மனுவை எழுதியதும் ரசியாதான். மாமனாருக்குக் கை நடுக்கம். வீட்டு எழுத்தெல்லாம் இரண்டு வருஷமாக அவள் எழுத்து. இரண்டு காகிதமும் ஒரே தாசில்தார் மேஜைக்குப் போகும் என்பது, இரண்டையும் எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இன்று காலை பத்து மணிக்குத் தாசில்தார் வயலுக்கு வருகிறார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு நாய்.

ஐப்பசியில் வந்தது அது. திருவாரூர் ஜங்ஷனில் இன்ஜின் டிரைவராக இருந்த பெர்சி, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். போகும்போது தன் நாய் ராபினை நெய்னா முகம்மதுவின் தலையில் கட்டினார். "டெரியர். உன் குடோன்ல ஒரு எலி இருக்காது" என்றார். குடோனில் எலி இருந்தது. எலியைவிடப் பூனைதான் பயந்துபோய்க் கிடந்தது. அதனால் மாமா வாங்கிக்கொண்டார்.

பார்த்தால் ஆட்டுக்குட்டி அளவு. வெள்ளை உடம்பு, முகத்தில் மட்டும் பழுப்பும் கறுப்பும். ஒரு காது நிற்கும், ஒரு காது மடிந்து தொங்கும். வால் நாலு விரல்தான், குட்டியிலேயே வெட்டிவிட்டார்களாம். தெருவில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

"வாலு எங்க மரைக்காரே?"

"டிரைவரோட சாமான்ல முன்னாடியே அனுப்பிட்டோம்" என்பார் மாமா.

முதல் நாள் குடோனில் பதினோரு எலி. கடிக்கும், ஒரு உதறு உதறும், கழுத்து முறிந்துவிடும், கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். தின்னாது. கோபமும் கிடையாது. ரசியா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற யாரையும் அந்த வீட்டில் அவள் பார்த்ததில்லை.

பத்து நாளில் எலி தீர்ந்தது. தொல்லை அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

ஊர் நாய் என்றால் சோற்றைத் தின்றுவிட்டு நிழலில் படுக்கும். ராபின் படுக்கவில்லை. கொல்லையைத் தோண்டியது. கிணற்றடி வாழையைச் சாய்த்தது. மாமியின் செருப்பில் ஒன்றை நார் நாராக்கியது. சங்கிலியில் கட்டினார்கள். பகலெல்லாம் குரைத்து, தொண்டை கட்டி, கடைசியில் தன் முன்காலையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. அடித்தால் நகராது, கண்ணை மட்டும் சுருக்கும். கூப்பிட்டால் வரும், ஆனால் மூக்கு மண்ணில் பட்டுவிட்டால் காது செத்துவிடும். பிறகு பெற்ற தாய் கூப்பிட்டாலும் வராது.

அதற்குப் பசி இல்லை, வேலை இல்லாததுதான் வியாதி என்று ரசியா கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. புருஷன் ஜெக்கரியா பினாங்குக் கடையில். பிள்ளை இன்னும் இல்லை. அந்த வியாதி அவளுக்கும் கொஞ்சம் தெரியும்.

ஒரு நாள் புண்ணுக்கு மஞ்சள் வைக்கப் போனவள் கையை நாய் நக்கிவிட்டது. மாமி ரஹ்மத் பீவி பார்த்துவிட்டார்.

"நஜீஸு. ஏழு தடவ கழுவு. ஒரு தடவ மண்ணுப் போட்டு."

கழுவினாள். மாமி நின்று எண்ணினார். மறுநாளும் கழுவினாள். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் மாமி எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நீ கழுவறதே மறுபடி தொடறதுக்குத்தான். ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மாமா அன்றே நகராட்சி நாய் வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். வண்டி வெள்ளிக்கிழமை வரும்.

வியாழக்கிழமை தவிடு வாங்க வந்த குஞ்சிதபாதத்தின் பெண்டாட்டி அம்சம் நாயைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள்.

"இத எங்கிட்ட குடுங்க சின்னம்மா. விடிய ஓட்டிட்டுப் போயி பொழுது சாயக் கொண்டாந்து கட்டிடறேன். வரப்பெல்லாம் எலி வளை. கதிர் பிடிக்கற நேரம். இது தேடும், நான் வெட்டறேன்."

வெள்ளாமைக்கும் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ளலாம் என்று மார்க்கத்திலேயே இருக்கிறது, மாமியும் இறங்கி வந்தார். நாய் பிழைத்தது. வளைக்குள் எலி சேர்த்துவைத்த கதிரை அம்சம் எடுத்துக்கொண்டாள். அது வெட்டியவர்களுக்குச் சேரும், ஊர் வழக்கம். ராபின் இரவில் சேறும் சகதியுமாக வந்து, கட்டிய இடத்தில் செத்ததுபோல் தூங்கியது.

ஒரு மாதம் கழித்து அம்சம் ஒரு வெள்ளைத் தாளோடு வந்தாள்.

"விவசாய சங்கத்து ஆபீஸ்ல எழுதினா ஊருக்கே தெரிஞ்சிரும். நீங்க எழுதிக் குடுங்க."

"எங்க மாமா மேலயே என்னை எழுதச் சொல்றியா?"

"நான் பொய்யா எதும் எழுதச் சொல்லல. பதினோரு வருசம்னு எழுதுங்க. அது பொய்யா?"

பொய் இல்லை. முடியாது என்று சொன்னால் நாயை நாளை யார் ஓட்டிப்போவார்கள் என்று அம்சம் கேட்கவில்லை. கேட்காததுதான் கனத்தது. ரசியா எழுதினாள்.

*

"நாய வண்டியில ஏத்து. நீயும் கெளம்பு" என்றார் மாமா.

"நானா?"

"அது உன் பேச்சத்தான் கேக்குது."

மாமி அடுப்படியிலிருந்து வந்தார். "பொம்பளப் புள்ளைய எதுக்கு அதிகாரி முன்னாடி?"

"துப்பட்டி போட்டுக்கிட்டு வண்டிக்குள்ள உக்காந்திருக்கட்டும். என் ஊட்டு நாயி என் வயலக் காக்குதுன்னா, அது யாரு சாகுபடி? அந்தாளு கண்ணால பாக்கட்டும்."

இது அவர் இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த சாட்சி. நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வயல் அறுப்புக்கு எட்டு நாள் இருந்தது. சம்பா பழுத்துச் சாய்ந்து நின்றது. வயலில் தண்ணீர் வடித்தாயிற்று. பக்கத்து வாய்க்காலில் மட்டும் இடுப்பளவு ஓடியது. மேட்டூரை மூட இன்னும் சில நாள். வரப்பு முனையில் சங்கத்து ஆட்கள் நாலு பேர் குந்தியிருந்தார்கள். குஞ்சிதபாதம் மம்பட்டியோடு தனியாக நின்றான். அம்சம் அவனுக்குப் பின்னால்.

தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். டெரிலின் சட்டை, காலில் செருப்பு. செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு வரப்பில் ஏறினார். அதைப் பார்த்ததும் நெய்னா முகம்மதுவின் முகம் கொஞ்சம் மாறியது. வரப்பில் நடக்கத் தெரிந்த ஆள்.

"சொந்தச் சாகுபடின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. ஆளு வச்சுச் செய்யறேன். காவலுக்கு என் ஊட்டு நாயே இங்கதான் கெடக்கும். வண்டியில இருக்கு பாருங்க. வெள்ளக்கார சாதி."

"அப்ப நாய் பேர்லயே பதிஞ்சிருங்க சார்" என்றான் குந்தியிருந்தவர்களில் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தாசில்தார் சிரிக்கவில்லை. வரப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாலு அடிக்கு ஒரு இடத்தில் புது மண் அப்பி, மிதித்து, வழித்திருந்தது.

"இதெல்லாம் என்ன?"

"நாயி எலி வளை தோண்டினது."

"தோண்டினது நாயி. அடைச்சது யாரு?"

"கூலியாளுங்க."

"எந்தக் கூலியாளு? பேரு சொல்லுங்க."

நெய்னா முகம்மது திரும்பிப் பார்த்தார். சொல்வதற்குப் பெயர் எதுவும் அங்கே நிற்கவில்லை.

"நான்தாங்க அடைச்சது" என்றாள் அம்சம். "அது காலையில தோண்டும். அன்னிக்கே அடைக்கலன்னா வாய்க்கா உள்ள வந்துரும். கூலிக்கு வர்றவன் வளைய வெட்டி நெல்ல எடுத்துட்டுப் போயிருவான். பொத்தல மூடிட்டுப் போவானா?"

வண்டிக்குள் ரசியா கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். ராபினின் உடம்பு கம்பியாக விறைத்தது. நின்ற காது முன்னால் சாய்ந்தது. அவளுக்கு அது புரிந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றுவதற்குள் கயிறு உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது.

அது நேராக வாய்க்கால் வரப்புக்கு ஓடியது. அடியில் ஒரு வளை, வாய் அகலமானது. எலி வளை இல்லை.

"ராபின், வா இங்க" என்று மாமா கூப்பிட்டார். கையைத் தட்டினார். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய் திரும்பவே இல்லை. முன்கால் மண்ணை வாரியது. தலை போயிற்று, தோள் போயிற்று, அந்த நாலு விரல் வாலும் போயிற்று.

அப்புறம் ஈர மண் ஒரு கூடை அளவு சரிந்து வாயை அடைத்தது.

உள்ளே இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று நாயின் உறுமல். இன்னொன்று கீச்சென்று.

"பெருச்சாளி" என்றாள் அம்சம். மண்ணில் காதை வைத்துப் படுத்தாள்.

ரசியா எப்போது வண்டியிலிருந்து இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வரப்பில் நின்றாள்.

"குஞ்சிதபாதம், வரப்ப வெட்டு" என்றார் மாமா.

அவன் மம்பட்டியைத் தூக்கவில்லை. "வெட்டினா வாய்க்கா உள்ள பாஞ்சிரும் மொதலாளி. பழுத்த கதிரு. தண்ணியில சாஞ்சா நின்ன எடத்துல மொளச்சிரும்."

"என் வரப்பு. நான் சொல்றேன், வெட்டு."

"வரப்பு உங்களுதுதான். பயிரு?"

தாசில்தார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தச் சின்ன அசைவை நெய்னா முகம்மது பார்த்தார். தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எட்டு நாளில் அறுக்கப்போகிற வயலைச் சொந்தச் சாகுபடிக்காரன் ஒரு நாய்க்காக மூழ்கடிப்பானா?

"அண்ணே, அது செத்துரும்" என்றாள் ரசியா.

அண்ணே என்ற சொல்லுக்கு மாமா தலையைத் திருப்பினார்.

"செத்தா நாயி" என்றான் குஞ்சிதபாதம். "வரப்பு போனா எங்க வருசமே போச்சு. கொஞ்சம் பொறுங்க."

வாய்க்காலில் குதித்தான். அடியிலிருந்து களியை வாரி வாரி வரப்பை ஒட்டி அரைவட்டமாக அணை கட்ட ஆரம்பித்தான். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் கோரையைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். அவசரமே படவில்லை. ஒவ்வொரு பிடி களியையும் அடித்து, தடவி, அடுத்ததை வைத்தான். ரசியாவுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அவன் செய்வது சரி என்பதும் தெரிந்தது.

"உறுமுது" என்றாள் அம்சம் படுத்தபடியே. "உறுமற வரைக்கும் பயமில்ல."

கொஞ்ச நேரத்தில் உறுமல் நின்றது. அம்சம் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

அணை எழுந்தது. உள்ளே நின்ற தண்ணீரைத் தகரத்தால் இறைத்தான். பிறகுதான் வயல் பக்கம் வந்து வெட்டினான். முதலில் மம்பட்டியால், பிறகு அரிவாள் நுனியால், கடைசியில் வெறுங்கையால். பின்னங்கால் இரண்டும் தெரிந்தன. பிடித்து இழுத்தான்.

ராபின் சேற்றுக் கட்டியாக வெளியே வந்தது. அதன் வாயில், அதில் பாதி அளவுக்கு ஒரு பெருச்சாளி. பெருச்சாளி செத்திருந்தது. நாயின் மேலுதடு கிழிந்து தொங்கியது. ஒரு கண் மூடிக்கிடந்தது. மூச்சு இருந்தது. தாடையை மட்டும் அது விடவில்லை.

"வாயப் பிரிங்க" என்றார் தாசில்தார்.

"பிரிக்கக் கூடாது. பிரிச்சா இன்னும் அழுத்தும்" என்றாள் ரசியா. மண்டியிட்டு, தாடைக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ரத்தமும் எச்சிலும் துப்பட்டியில் ஊறின. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. தாடை தளர்ந்தது.

குஞ்சிதபாதம் அதற்குள் வெட்டிய வரப்பை அடைக்கத் திரும்பியிருந்தான்.

*

ஜீப்பின் முன்புறத்தில் தாசில்தார் காகிதங்களைப் பரப்பினார். "உத்தரவு பின்னால வரும். ரெண்டு பேரும் மனுவைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் குனிந்து பார்த்தார். "என்னங்க இது? ரெண்டும் ஒரே ஆளு எழுதின மாதிரி இருக்கு."

ரசியா வண்டி ஓரத்தில் நின்றாள். அம்சம் தரையைப் பார்த்தாள்.

நெய்னா முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இடது காகிதத்தைப் பார்த்தார். வலது காகிதத்தைப் பார்த்தார். மறுபடி இடது.

"ஆமா" என்றார். "எங்க பக்கம் நல்லா எழுதறதுக்கு ஒரே ஆளுதான்."

நடுங்குகிற கையால் கையெழுத்தைப் போட்டார். குஞ்சிதபாதம் கைநாட்டு வைத்தான்.

நாயை அம்சம் தூக்கிக்கொண்டாள். "காயம் ஆறட்டும். இங்கயே கெடக்கட்டும் சின்னம்மா."

திரும்பும்போது மாமா வண்டிக்குள் ஏறவில்லை. முன்னால் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள் ரசியா. திட்டினால் தேவலை என்றிருந்தது.

கொல்லை வாசலில் மாமி மண்ணும் தண்ணீரும் வைத்துக் காத்திருந்தார்.

"அல்லாவே, என்னடி இது ரத்தம்? யாரு பாத்தா? அதிகாரி பாத்தாரா? துப்பட்டியக் கழட்டி அங்க போடு. கைய நீட்டு."

மாமி ஊற்ற ஊற்ற அவள் கழுவினாள். ஏழாவது தடவை ஊற்றும்போது மாமா கொல்லை நிலையில் வந்து நின்றார்.

"முடிச்சிட்டு வா. கடுதாசி எழுதணும்."

கூடத்தில் உட்கார்ந்தாள். மடியில் பலகை, மேலே மெல்லிய நீலத் தாள். மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுத்துத் தமிழாக்குவது அவள் வேலை.

"ஸலாம் எழுதிட்டியா? எழுது. அரை வேலி கைய விட்டுப் போவும்போல இருக்கு. குஞ்சிதபாதத்துக்கு மனு எழுதிக் குடுத்தது நம்ம ஊட்டு ஆளு."

எழுதினாள்.

"யாருன்னு எழுது."

"எம் பேரையா மாமா?"

"அவன் பொஞ்சாதி பேர அவனுக்குத் தெரியாதா? எழுது."

தன் பெயரை எழுதினாள்.

"ஏன் எழுதினேன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா ஞாயமாத்தான் சொல்லுவ. அதுக்குத்தான் கேக்கல." கண்ணைத் திறக்காமல் தொடர்ந்தார். "எழுது. நீ பதில் போடற வரைக்கும் அவ திட்டச்சேரியில அவ வாப்பா ஊட்டுல இருப்பா. நாளைக்குக் காலையில வண்டி."

பேனா நின்றது. தன்னை அனுப்புவதை அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. எழுதித்தான் தெரிந்துகொண்டாள். மாமி சமையலறை வாசலில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என்ன எழுதின, படி."

படித்தாள். கடைசி வரி வரைக்கும், நிறுத்தாமல்.

"நாயி மாமா?"

நெய்னா முகம்மது இப்போது கண்ணைத் திறந்தார். வாசல் பக்கம், காலியாகக் கிடந்த சங்கிலியைப் பார்த்தார்.

"அது நிலத்தோட போவட்டும்."

பினாங்குக்குப் போய்ப் பதில் திரும்பப் பன்னிரண்டு நாளாவது ஆகும். அதற்குள் வயல் அறுத்திருக்கும். உத்தரவும் வந்திருக்கும்.

ரசியா தாளை மடித்து ஒட்டினாள். மேலே புருஷன் பெயரையும் கடை முகவரியையும் எழுதினாள். வழக்கமான அதே எழுத்து. கடையில் கூட்டம் இருந்தாலும் அந்த எழுத்தைப் பார்த்தால் ஜெக்கரியா அங்கேயே நின்று பிரித்துவிடுவான்.